செடித் தொட்டியில் கோளாறா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளத்தில் செடி வளர்க்கும் ஒரு மீன் தொட்டிக்குப் பலித்த வைத்தியம் ஒற்றப்பாலத்தில் பலிக்காது. சில சமயம் மீனையே கொன்றுவிடும். காரணம் தண்ணீர். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று தமிழக எல்லையோரம் நாம் இருக்கிற ஊர்களில் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்பும் உப்புமாக வரும். பருப்பு வேகாது, பாத்ரூம் குழாய் வெள்ளை பூத்துப் போகும். பாலக்காடு டவுனைத் தாண்டி மேற்கே போனால் செம்பாறைக் கிணறு. அந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் வழுவழுப்பு போகவே போகாது, அவ்வளவு மென்மை. டவுனில் குழாயில் வருவது மலம்புழா அணைத் தண்ணீர்; அதுவும் மென்மைதான், ஆனால் குளோரின் கலந்து வரும். வீடியோவில் பார்க்கிற வைத்தியமெல்லாம் இந்த மூன்றில் எந்தத் தண்ணீருக்கு என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் எந்த பாட்டிலையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் தண்ணீர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா மலிவாகவே கிடைக்கிறது, ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருகிறவரிடம் கேட்டால் அவரே பிடித்துக் காட்டுவார். 500-க்கு மேல் காட்டினால் கடினத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். 100-க்குக் கீழே என்றால் மென்மை. பேனா எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. அதற்குப் பருப்பும் குழாயும் சொல்கிற சாட்சியே போதும்.

இன்னொரு கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏட்டில் 56 லிட்டர். மண், கல், கட்டை, மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்பது சுமார் 45 லிட்டர்தான். உரமோ மருந்தோ அந்த 45-க்குத்தான். கீழே சொல்லும் அளவுகளும் அதற்கே.

தொட்டிக் கோளாறு என்று எனக்குப் போன் செய்கிறவர்கள் சொல்கிற வார்த்தைகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். மீன் சம்பந்தப்பட்டது முதலில். செடி ஒரு வாரம் காத்திருக்கும், மீன் காத்திருக்காது.

"மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது"

எப்போது என்று கேளுங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

விடியற்காலையில் மட்டும் மேலே நின்று, விளக்குப் போட்டு ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. செடி பகலில் ஆக்ஸிஜன் விடும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும். தொட்டி நிறைய செடி இருப்பதால் ஏர் பம்ப் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. செடி வளரக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர் என்றால் இரவில் அதை நிறுத்தியே ஆகவேண்டும். அதை வீட்டிலேயே உண்டாக்கும் ஈஸ்ட்-சர்க்கரை பாட்டிலுக்கு நிறுத்தும் வழி கிடையாது. இரவில் ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள். ஃபில்டர் வாயை மேற்பரப்பு அசையும்படி உயர்த்தி வைப்பது சும்மா கிடைக்கிற வைத்தியம்.

மார்ச், ஏப்ரலில் நாள் முழுக்க மேலேயே நின்றால் சூடு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். பாலக்காட்டு வெயில் 40-ஐத் தொடும் நாட்களில் ஓட்டு வீட்டு ஹாலில் தொட்டி 32-ஐச் சுலபமாக எட்டும். மூடியைத் திறந்து, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் சாய்த்து வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஏறி இறங்குகிற சூடு, ஒரே நிலையில் நிற்கிற சூட்டை விட மோசம்.

தண்ணீர் மாற்றிய அரை மணியில் தொடங்கினால் குளோரின். குழாய்த் தண்ணீருக்கு எல்லோருக்கும் இது தெரியும். ஒரு வாளிக்கு, குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம் மிளகளவில் இரண்டு மூன்று கரைத்து ஊற்றினால் தீர்ந்தது. ஏமாறுவது கிணற்றுக்காரர்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அக்கா ஒருவர் ஜூன் மாதம் போன் செய்தார்.

"தம்பி, எங்களுது கெணத்துத் தண்ணிதானுங்க. அதுல ஏதுங்க குளோரின்?"

"கெணத்துக்கு யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"முந்தாநேத்து ஆஷா சேச்சி வந்து பொடி போட்டுட்டுப் போச்சு."

மழைக்காலம் தொடங்கும்போது கேரளத்தில் வீட்டுக் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது வாடிக்கை. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு, நோய் பரவும் காலத்தில் இரட்டிப்பாகும். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்தா போடுகிறார்கள், கண் மதிப்புதான். மனிதருக்கு நல்லது, குப்பி மீனின் செவுளுக்கு நெருப்பு. பொடி போட்ட கிணற்றில் நாலைந்து நாள் கழித்து எடுங்கள். எடுத்ததை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, ஹைப்போவும் போட்டே ஊற்றுங்கள்.

குறிப்பிட்ட நேரம் என்று இல்லாமல் செவுள் சிவந்து, மீன் மூலையில் ஒதுங்கினால், கழிவிலும் அழுகலிலும் இருந்து வரும் அமோனியா. தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகவில்லை, அல்லது ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினீர்கள், அல்லது ஒரு மீன் செத்துச் செடிக்குப் பின்னால் கிடக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருக்கும். கடினத் தண்ணீர்க்காரர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். ஒரே அளவு அமோனியா, தண்ணீரின் புளிப்பு-காரத்தைக் காட்டும் பி.எச். 7-இல் இருக்கும்போது அதில் விஷமாக நிற்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பி.எச். 8-இல் ஐந்து பங்கைத் தாண்டும். போர் தண்ணீர் அந்த 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள். மீன் இரண்டு நாளில் பட்டினியால் சாகாது.

மென்மைத் தண்ணீர்க்காரர்களுக்கு வேறு தொல்லை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தே இல்லாமல் போனால் பி.எச். மெல்ல மெல்ல இறங்கி 6-க்குக் கீழே போகும். அமோனியாவைத் தின்று மாற்றுகிற பாக்டீரியா அங்கே மந்தமாகிவிடும். அந்த நிலையில் அமோனியா விஷமாகத் தெரியாது, சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் "அழுக்கா இருக்கே" என்று பாதித் தண்ணீரை மாற்றுவீர்கள், பி.எச். எழும், சேர்ந்திருந்தது எல்லாம் ஒரே சமயத்தில் விஷமாகும். ரொம்ப நாள் தொடாத தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள் மாற்றச் சொல்வது இதனால்தான். கிளிஞ்சலை நொறுக்கி ஒரு கைப்பிடி, வலைப்பையில் கட்டி ஃபில்டர் ஓட்டத்தில் வைத்தால் பி.எச். பிடித்து நிற்கும்.

உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்த மீனுக்கு மெத்திலீன் நீலமோ கல்லுப்போ செடித் தொட்டிக்குள் போடாதீர்கள். தனி வாளியில் வைத்து வைத்தியம் பாருங்கள்.

"தண்ணி கலங்கலாவே இருக்கு"

வெள்ளையாகக் கலங்கினால், புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகுகிறது. ஒன்றும் செய்யவேண்டாம். தீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் சும்மா இருங்கள், ஒரு வாரத்தில் தானே தெளியும். தினமும் தண்ணீரை மாற்றி மாற்றி அதை நீட்டிக்கிறவர்களே அதிகம். பழைய தொட்டியில் திடீரென்று வெள்ளை கலங்கினால் ஏதோ அழுகுகிறது, தேடுங்கள்.

டீ நிறம் கட்டையில் இருந்து வருகிறது. மீனுக்குக் கெடுதி இல்லை.

பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. ஜன்னல் வெயில் படுகிறதா பாருங்கள். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே வைத்த தொட்டிகளில் இது சர்வ சாதாரணம். தண்ணீர் மாற்றினால் போகாது, மிச்சமிருப்பது இரண்டு நாளில் பெருகிவிடும். மூன்று முழு நாள் போர்வை போட்டு மூடி, விளக்கை அணைத்து, ஏர் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். நடுவில் போர்வையைத் தூக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. நான்காம் நாள் பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை ஆறு மணி நேரத்துக்கு டைமரில் கட்டுங்கள்.

"இலை மஞ்சளாகுது, ஓட்டை விழுது"

இங்கேதான் பணம் வீணாகிறது. கடையில் போய் "செடி மஞ்சள்" என்று சொன்னால் கைக்கு எட்டிய பாட்டிலைக் கொடுப்பார்கள். எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள்.

அடியில் உள்ள பழைய இலை முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் குறைவு. பழைய இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து, ஓட்டையின் விளிம்பு மஞ்சளாக இருந்தால் பொட்டாசியம். பழைய இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம். உச்சியில் வரும் புது இலை வெளுத்து, நரம்பு பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. புது இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் கால்சியம். இது மென்மைத் தண்ணீர் வீடுகளில் மட்டும் பார்க்கிற குறை, நம் பக்கம் போரில் வராது.

நம் பக்கத்துக் குறை பெரும்பாலும் இரும்பு. தண்ணீரில் இரும்பு இல்லாததால் மட்டும் இல்லை, இருக்கும் இரும்பு கரைந்து நிற்காததால். தென்னந்தோப்புக்காரர்கள் உரக்கடையில் வாங்கும் செலேட்டட் அயர்ன் என்ற இரும்பு உரப் பாக்கெட்டில் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருக்கும். அது பி.எச். 6.5-ஐத் தாண்டினால் இரும்பைப் பிடித்து வைக்காது, கீழே வண்டலாக இறங்கிவிடும். டி.டி.பி.ஏ. என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள், 7.5 வரை தாங்கும். அதையும் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் போடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை துளி அளவாகப் போடுங்கள். இன்னும் சிக்கனமான வழி, வேருக்குப் பக்கத்தில் கொடுப்பது: நம் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, நிழலில் நன்றாகக் காயவைத்து, கிரிப்டோகோரைன், அமேசான் வாள்செடி வேரடியில் இரண்டு அங்குல ஆழத்தில் அழுத்திவிடுங்கள். மண்ணுக்குள் பி.எச். குறைவு, காற்றும் குறைவு. அங்கே இரும்பு வேருக்கு எட்டும். ரசாயனம் அடித்த வயல் மண் வேண்டாம்.

மற்றவற்றுக்கும் உரக்கடையே போதும். பாட்டில் உரத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது என் கட்சி. 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட் ஒரு கிராம், நம் 45 லிட்டரில் நைட்ரேட்டை லிட்டருக்கு 13, 14 மில்லிகிராம் ஏற்றும். நைட்ரஜனும் பொட்டாசியமும் ஒன்றாகத் தீரும். வாரத்துக்கு அரை கிராமில் தொடங்குங்கள். 0-52-34 என்பது பாஸ்பேட். ஒரு சிட்டிகையிலும் பாதி. மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு. எது வாங்கினாலும் 19-19-19 மட்டும் வேண்டவே வேண்டாம். தக்காளிக்கு நல்ல உரம்தான், ஆனால் அதில் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கிறது. பி.எச். 8 தொட்டியில் அதைக் கரைத்தால் மறுநாள் மீனை வலையில் அள்ளவேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கெட்ட பழைய இலை திரும்பப் பச்சையாகாது. உரம் போட்ட பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தால் "கேக்கல" என்றுதான் தோன்றும். அதை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்து வரும் இரண்டு இலையைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் இன்னொன்றை மாற்றாதீர்கள்.

"இலைமேல வெள்ளையா, தொட்டா சொரசொரன்னு இருக்கு"

பாசி என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள். விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். ஒரு இலையைக் கிள்ளி வெளியே எடுத்து, அதன்மேல் இரண்டு துளி வினிகர் விடுங்கள். பொரிந்து குமிழி வந்தால் சுண்ணாம்பு.

ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற செடிகளுக்குத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோனால் பைகார்பனேட்டை உடைத்து அதில் இருந்து எடுத்துக்கொள்ளத் தெரியும். எடுத்த பிறகு மிச்சப்படும் சுண்ணாம்பு இலைமேலேயே படிகிறது. ஆகவே இது நோய் இல்லை. கடினத் தண்ணீரில், பலமான விளக்கில், செடி பசியோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். விளக்கு நேரத்தை ஒரு மணி குறைத்தால் படிவது குறையும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் தண்ணீரையே மென்மையாக்கவேண்டும்.

அதற்குக் கலப்பு. போர் 800 காட்டுகிறது, சமையலறை ஆர்.ஓ. 40 காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் 230. செடிக்கும், குப்பி, டெட்ரா மீன்களுக்கும் போதும். முழுக்க ஆர்.ஓ. ஊற்றினால் முன்னே சொன்ன பி.எச். சரிவு உங்கள் வீட்டுக்கும் வரும். ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வெளியேறும் குழாய்த் தண்ணீர் "வீணாப் போகுதே" என்று தொட்டிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு முன்னைவிடச் செறிந்திருக்கும். பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் முதல் இரண்டு மழையை ஓடவிட்டுப் பிடித்த மழைநீர் ஆர்.ஓ.வுக்குச் சமம், காசும் இல்லை.

இதோடு சேர்ந்தது தண்ணீர் வற்றுவது. கணவாய் வழியாக விருச்சிகக் காற்று அடிக்கும் மாதங்களிலும், ஃபேன் ஓடும் கோடையிலும் இந்தத் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்ததை 600 காட்டும் போர் தண்ணீராலேயே தினம் நிரப்பிக்கொண்டு வந்தால் முப்பது நாளில் தொட்டி 400 ஏறி 1000-ஐத் தொடும். வற்றியதை நிரப்ப ஆர்.ஓ. அல்லது மழைநீர், மாற்றுவதற்கு மட்டும் கலப்பு. கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு படிந்திருந்தால் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், சொட்டு உள்ளே விழாமல்.

அலங்காரத்துக்குப் போட்ட வெள்ளைக் கல்லும் சுண்ணாம்பை விடும். அதையும் வினிகர் விட்டுப் பாருங்கள்.

"வாங்கி வெச்ச ஒரே வாரத்துல செடி எல்லாம் கரைஞ்சு போச்சு"

கிரிப்டோகோரைன் என்றால் பயப்படவேண்டாம். இடம் மாறினால், தண்ணீர் மாறினால் இலை முழுக்கக் கூழாகி விழும். பிடுங்காதீர்கள். கிழங்கு உறுதியாக இருந்தால் சில வாரத்தில் உங்கள் தண்ணீருக்குத் தக்க புது இலை வரும். மற்ற செடிகளும் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவையாக இருக்கும். அந்த இலை உள்ளே நிற்காது, புதியது நிற்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கரைந்தால் மட்டும் நீங்கள் கிழங்கை மண்ணுக்குள் புதைத்துவிட்டீர்கள் என்று பொருள். எடுத்துக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

முழுக்கடினத் தண்ணீரில் ரோட்டாலா வாலிச்சி மாதிரி ஊசியிலைச் செடிகள் தேறாது. மேற்கே மென்மைத் தண்ணீர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாலிஸ்னேரியா வைக்கலாம்.

"பாசி"

என்ன பாசி என்று சொல்லாமல் இந்த ஒரு சொல்லோடு போன் வரும். நிறத்தைக் கேட்டே பதில் சொல்லமுடியும்.

பழுப்புத் தூள், விரல் பட்டால் கரைகிறது: புதுத் தொட்டியின் டயாட்டம். துடைத்துவிடுங்கள், இரண்டு மூன்று மாதத்தில் தானே ஒழியும். நெரைட் நத்தை இரண்டு இருந்தால் இன்னும் சீக்கிரம்.

கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் பச்சைப் புள்ளி, சுரண்டினால்தான் வருகிறது: விளக்கு அதிகம், பாஸ்பேட் குறைவு. கண்ணாடித் தொட்டி என்றால் பழைய பிளேடு போதும். சிலிகான் ஒட்டு மூலையில் பிளேடு படக்கூடாது.

பச்சை நூலாக நீண்டு தொங்குவதைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுத்து எடுங்கள்; விளக்கைக் குறையுங்கள், வேகமாக வளரும் செடி ஒரு கட்டு கூடுதலாக நடுங்கள்.

கறுப்புக் குஞ்சம், ஃபில்டர் வாயிலும் பழைய இலை ஓரத்திலும் பிடித்துக்கொண்டு எதற்கும் அசையாது: இதுதான் ஆட்களைத் தொட்டியையே விற்கவைக்கிற பாசி. ஈஸ்ட் பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்களுக்கு அதிகம் வரும்; நம் வெயிலில் ஈஸ்ட் இரண்டு நாள் பொங்கி, பிறகு அடங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம் செடிக்கு ஆகாது, பாசிக்குத் தோது. ஒன்று ஒழுங்காக விடுங்கள், இல்லையேல் விடவே வேண்டாம். பிடித்த இலையை வெட்டுங்கள். கட்டையிலும் கல்லிலும் உள்ளதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு: மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிளைப் பார்த்து அதே அளவு தண்ணீர் கலந்து 3 ஆக்குங்கள். ஃபில்டரை நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, குஞ்சத்தின்மேல் மெதுவாக விட்டு, ஐந்து பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். மொத்தம் ஒரு நாளில் 10 மில்லிக்கு மேல் போகவேண்டாம். ஓரிரு நாளில் பாசி இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது. இறாலும் மீனும் அதைத் தின்னும். கடைகளில் திரவக் கார்பன் என்று விற்பது குளுட்டரால்டிஹைடு. பாசியைக் கொல்லும், வாலிஸ்னேரியாவையும் சேர்த்துக் கரைத்துவிடும். கையில் படக்கூடாது.

நீலப்பச்சையில் தோல் மாதிரி மண்ணை மூடி, தூக்கினால் ஏடாக உரிந்து வந்து, சேற்று நாற்றம் அடிப்பது உண்மையில் பாசியே இல்லை, பாக்டீரியா. ஓட்டம் இல்லாத மூலை, நைட்ரேட் தீர்ந்துபோன தண்ணீர், நாள்பட்ட வண்டல் மூன்றும் சேர்ந்தால் வரும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, மூன்று நான்கு நாள் இருட்டடைப்புச் செய்து, பிறகு 13-0-45 கொடுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்லும் யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம், ஃபில்டரில் இருப்பதும் பாக்டீரியாதான்.

"கரண்ட் வந்ததும் தொட்டி நாறுது"

மழைக்காற்றில் மரம் விழுந்து ஆறு மணி நேரம் மின்சாரம் போன வீடுகளில். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் நின்றதும் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். நீண்ட நேரம் போயிருந்தால் ஃபில்டரைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஃபில்டர் ஓட்டம் குறைந்தாலும் அதே கழுவல்தான். எப்போதுமே தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில், பஞ்சைப் பிழிந்து அழுக்கு போனால் போதும். வெளுக்கக் கழுவவேண்டிய அவசியம் இல்லை. கை வைக்கும் முன் சுவிட்சை அணையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாது.

"மேல எண்ணெய் மாதிரி படலம்"

ஓட்டம் இல்லை, அவ்வளவுதான். டிஷ்யூ பேப்பரை மேலே விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். ஃபில்டர் வாயைத் தூக்குங்கள். தொட்டி சமையலறைக்குப் பக்கம் என்றால் தாளிப்பு எண்ணெயும் இருக்கும்.

"நத்தை பெருகிப் போச்சு"

தீனி பெருகினால் நத்தை பெருகும். கொல்ல மருந்து போட்டால் அதில் உள்ள தாமிரம் இறாலையும் கொல்லும், செத்த நத்தை அழுகி அமோனியாவும் வரும். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் போடுங்கள். ராத்திரி ஒரு துண்டு வெள்ளரிக்காய் வைத்தால் காலையில் கொத்தாக ஏறியிருக்கும், எடுத்துவிடலாம். ஓடு நுனியில் வெளுத்து அரித்திருந்தால் அது உங்கள் தண்ணீர் மென்மை என்று நத்தை கொடுக்கிற அறிக்கை. கிளிஞ்சல் பை போடுங்கள்.

"இறால் மட்டும் சாகுது, மீன் நல்லாருக்கு"

புதுச் செடி வாங்கி வைத்தீர்களா என்று கேட்பேன். நர்சரியில் அடித்த பூச்சிமருந்து செடியோடு வந்திருக்கும். ஒரு வாரம் தனி வாளியில், தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்கு எடுங்கள். அடுத்த கேள்வி கொசு. சுவரில் செருகும் கொசு லிக்விடில் இருப்பது பைரித்ராய்டு வகை. நமக்குப் பெரிதாகத் தெரியாது, இறாலுக்கும் மீனுக்கும் கொடிய விஷம். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. தொட்டி உள்ள அறையில் அதை வைக்காதீர்கள். தெருவில் புகை மருந்து அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திப் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். உரக்கடை நுண்ணூட்டக் கலவையில் தாமிரம் இருக்கும், இறால் தொட்டிக்கு அதையும் தவிர்த்துவிடுங்கள்.

வெட்டிய செடியும் கழிவுத் தண்ணீரும்

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றும்போதே கத்தரிப்பதையும் முடித்துவிடலாம். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் நேராகப் போகட்டும், உப்பு மருந்து போட்டது மட்டும் வேண்டாம். வெட்டிய தண்டை வாய்க்காலில் எறிவது நம் பக்கம் சகஜம்; எறியாதீர்கள். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவுக்குப் பக்கத்தில் ஆவளப்பாண்டியில் 2020-இல் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. பூத்தது கபோம்பா, தென்னமெரிக்காவில் இருந்து மீன்தொட்டிக்காக வந்த செடி. ஒரு கணு போதும், அது ஊன்றிக்கொள்ளும். ஆழியாற்றுத் தண்ணீர் வருகிற சித்தூர் வாய்க்காலில் அது இறங்கினால் நெல்லுக்குத்தான் கேடு. தண்டை வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டுத் தென்னங்குழியில் போடுங்கள். நத்தையும் முட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குள் காய்ந்துவிடும்.